செத்துப்போன தொலைக்காட்சியின் 42,000 பங்குகள்: தாய்லாந்து ஊடகமும் ‘அந்நியக் கை’யும்

2007-இல் உரிமம் பறிக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சி நிறுவனம், பதினாறு ஆண்டுகள் கழித்து தாய்லாந்தின் பிரதமர் யார் என்ற கேள்விக்கு நடுவில் வந்து நின்றது. 2023 மே 14 பொதுத்தேர்தலில் 151 இடங்களுடன் முதலிடம் பிடித்தது மூவ் ஃபார்வர்ட் கட்சி. அதன் தலைவர் பிதா லிம்ஜாரோன்ராட் பெயரில் அந்த ஐடிவி நிறுவனத்தின் 42,000 பங்குகள் இருந்தன. அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 120 கோடிக்கும் மேல். அதாவது பிதாவிடம் இருந்தது 0.0035 விழுக்காடு. இறந்துபோன அப்பாவின் சொத்துக்கு நிர்வாகி என்ற முறையில்தான் அவை தன் பெயரில் இருக்கின்றன என்றார் அவர். ஊடகப் பங்கு வைத்திருப்பவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியின் பேரில் ஜூலை 19 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவரை எம்.பி. பொறுப்பிலிருந்து இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 24-இல் அவர்மீது தவறில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னபோது, வேறொருவர் பிரதமராகி ஐந்து மாதங்கள் ஓடியிருந்தன.

தாய்லாந்து ஊடகங்கள் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘வெளிநாட்டுக் காசு யாருக்கு வருகிறது’ என்பதிலேயே சுற்றிச் சுற்றி வரும். ஆனால் அங்கே சட்டமும் சரி, அரசியலும் சரி, காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. அலைவரிசை யாருடையது, செய்தி எங்கே எழுதப்படுகிறது, யார் எழுப்பும் தொலைபேசி அழைப்புக்கு ஆசிரியர் குழு அஞ்சுகிறது என்பதெல்லாம் அந்தப் பார்வையில் விழுவதில்லை. ஐடிவியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் இது நன்றாகப் புரியும்.

1992 மே மாதம் பாங்காக் தெருக்களில் இராணுவம் மக்களைச் சுட்டது. தொலைக்காட்சிகள் எல்லாமே அரசின் பிடியிலோ இராணுவத்தின் பிடியிலோ இருந்ததால் நடந்தது திரையில் வரவேயில்லை. வெளிநாட்டுச் சேனல்களின் பதிவுகளை வீடியோ கேசட்டில் நகலெடுத்துத்தான் ஊர் பார்த்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ‘சுதந்திரத் தொலைக்காட்சி’ என்ற யோசனை. 1995-இல் பிரதமர் அலுவலகத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது, 1996-இல் ஒளிபரப்பு தொடங்கியது. ஒப்பந்தத்தில் இரண்டு காப்புகள் இருந்தன. நிகழ்ச்சிகளில் 70 விழுக்காடு செய்தியும் தகவலுமாக இருக்க வேண்டும். எந்தப் பங்குதாரரும் 10 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஏலத்தில் வெல்வதற்காக அரசுக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை தாய்லாந்து நாணயத்தில் 2,520 கோடி பாட். முக்கால்வாசி செய்தி போடும் சேனலின் விளம்பர வருமானத்தில் அது எந்தக் காலத்திலும் கட்டுபடியாகாது. 1997 நிதி நெருக்கடி வந்ததும் நிறுவனம் கடனில் மூழ்கியது, முதலீடு தேவை என்ற பெயரில் 10 விழுக்காட்டு வரம்பு தளர்ந்தது. 2000-இல், அடுத்த ஆண்டு பிரதமரான தக்சின் ஷினவத்ரா குடும்பத்தின் சின் கார்ப்பரேஷன் உள்ளே வந்தது. 2001 ஜனவரித் தேர்தலை ஒட்டி, முதலாளியின் கட்சிக்குச் சாதகமாகச் செய்தி போடும்படி அழுத்தம் வருகிறது என்று வெளிப்படையாகச் சொன்ன 23 செய்தியாளர்கள், தேர்தல் முடிந்த கையோடு வேலையை இழந்தார்கள். அந்த நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2005-இல். அதற்குள் தக்சின் இரண்டாம் முறையும் வென்றுவிட்டார். நடுவே 2004-இல் ஒரு நடுவர் குழு, ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி பாட்டாக இருந்த கட்டணத்தை 23 கோடியாகக் குறைத்தது. செய்தியின் பங்கு 50 விழுக்காடாக இறங்கியது. ஒரு செய்திச் சேனலைக் கொல்ல தணிக்கை அதிகாரி தேவையில்லை. கட்ட முடியாத உரிமக் கட்டணம் ஒன்றை எழுதி வைத்தால் மீதியைக் கடன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த கட்டத்தில்தான் வெளிநாடு வருகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வெளிநாட்டவர் வைத்திருக்கக்கூடிய பங்கின் வரம்பை 25-இலிருந்து 49 விழுக்காடாக உயர்த்திய சட்டத் திருத்தம் 2006 ஜனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஜனவரி 23 அன்று ஷினவத்ரா குடும்பம் சின் கார்ப்பரேஷனில் தன்னிடமிருந்த 49.6 விழுக்காட்டை சிங்கப்பூர் அரசின் தெமாசெக் நிறுவனத் தரப்புக்கு 7,330 கோடி பாட்டுக்கு விற்றது. (அப்போது தெமாசெக்கின் தலைவர் சிங்கப்பூர்த் தமிழரான எஸ். தனபாலன்.) விற்பனைக்கு மூன்று நாள் முன்பு, ஆம்பிள் ரிச் என்ற வெளிநாட்டுப் பதிவு நிறுவனம் தன் பங்குகளைத் தக்சினின் பிள்ளைகளுக்குப் பங்கு ஒன்று 1 பாட் விலையில் கைமாற்றியது, அவர்கள் விற்றது 49.25 பாட்டுக்கு. தனிநபர்கள் பங்குச்சந்தை வழியாக விற்றதால் வரி கிடையாது.

சின் நிறுவனத்தோடு சேர்ந்து செல்பேசிச் சேவை, செயற்கைக்கோள், ஐடிவி எல்லாமே கைமாறின. வெளிநாட்டுப் பங்கு வரம்பைச் சமாளிக்க, உள்ளூர்ப் பெயர்களில் இயங்கிய குலாப் கேவ் என்ற நிறுவனம் நடுவே வைக்கப்பட்டிருந்தது. தெருவில் மக்களைத் திரட்டியது முக்கியமாக வரி விவகாரம்தான். ஆனால் ‘நாட்டை சிங்கப்பூருக்கு விற்றுவிட்டார்’ என்ற முழக்கம்தான் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று தக்சின் நியூயார்க்கில் இருந்தபோது இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நடுவர் குழுவின் சலுகையை நிர்வாக நீதிமன்றங்கள் ரத்து செய்தன. நிலுவையும் ஏறக்குறைய 10,000 கோடி பாட் அபராதமும் ஐடிவி தலையில் விழுந்தன. 2007 மார்ச்சில் உரிமம் போனது. 2008 ஜனவரியில் அதே அலைவரிசையில் தாய் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி தொடங்கியது. மது, புகையிலை மீதான வரியில் 1.5 விழுக்காடு, ஆண்டுக்கு 200 கோடி பாட் என்ற உச்சவரம்போடு, அதற்கு நேராகப் போகிறது. விளம்பரமும் வேண்டாம், ஆண்டுதோறும் அமைச்சர் வாசலில் நிற்கவும் வேண்டாம் என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு. ஆனாலும் 2014 நவம்பரில் இராணுவ அதிகாரிகள் அலுவலகத்துக்கே வந்து போனபின் ஒரு நிகழ்ச்சித் தொகுப்பாளர் மாற்றப்பட்டார். பணத்துக்குப் போட்ட வேலி சீருடைக்கு உதவவில்லை.

தக்சின் போன்ற ஊடக முதலாளி இனி ஆட்சிக்கு வரக்கூடாது என்று 2007 அரசமைப்பில் 48-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள்: அரசியல் பதவியில் இருப்பவர் ஊடகப் பங்கு வைத்திருக்கக் கூடாது. 2017 அரசமைப்பின் 98(3) அதைத் தேர்தலில் நிற்பவர்களுக்கும் நீட்டியது. குறைந்தபட்ச அளவு எதையும் அது சொல்லவில்லை. ஒரு பங்கு இருந்தாலும் சிக்கல்தான். 2019-இல் ஃபியூச்சர் ஃபார்வர்ட் கட்சித் தலைவர் தனாதோன் ஜுங்ருங்ருவாங்கிட் இந்தப் பிரிவில்தான் எம்.பி. பதவியை இழந்தார். பத்திரிகை வெளியிடுவதையே நிறுத்திவிட்ட வி-லக் மீடியா நிறுவனத்தின் 6,75,000 பங்குகளை வேட்புமனுவுக்கு முன்பே அம்மாவுக்கு மாற்றிவிட்டதாக அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

நடைமுறையில் இந்தப் பிரிவு எப்படிக் கடிக்கிறது என்பதற்கு ஒரு சின்ன விவரம் போதும். தாய்லாந்தில் நிறுவனம் பதிவு செய்வோர் பலரும் அரசின் அச்சடித்த நோக்கப் பட்டியல் படிவத்தையே பயன்படுத்துகிறார்கள். அதில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள். ஒன்றில் ‘அச்சகம் நடத்துதல், நூல் அச்சிட்டு விற்றல், செய்தித்தாள் வெளியிடுதல்’ என்று வரும். இரும்புக்கடைக்காரரும் அதைத்தான் நிரப்பிக் கொடுக்கிறார். 2019-இல் ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு இரண்டிலும் டஜன் கணக்கான எம்.பி.க்கள் இந்த ஒரு வரியால் மாட்டிக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள்.

பிதா வழக்கில் இன்னொரு வேடிக்கை. 2023 ஏப்ரல் 26 அன்று நடந்த ஐடிவி பங்குதாரர் கூட்டத்தில், ‘நிறுவனம் இன்னும் ஊடகத் தொழில் செய்கிறதா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூட்டக் குறிப்பேட்டில் இருந்த பதில்: நிறுவனம் தன் நோக்கங்களின்படி இயங்குகிறது, கணக்கும் வரியும் வழக்கம்போல் தாக்கல் செய்கிறது. ஜூன் மாதம் செய்தியாளர் தபானி எயட்ஸ்ரிசாய் கூட்டத்தின் வீடியோ பதிவை வெளியிட்டார். அதில் தலைவர் சொன்னது, இப்போது எந்தத் தொழிலும் செய்யவில்லை, வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கிறோம் என்பதுதான். நிறுவனம் கலைக்கப்படாமல் இருந்ததற்கே காரணம் பிரதமர் அலுவலகத்துடனான அந்தப் பழைய பணத் தகராறு. தக்சினைத் தடுக்க எழுதிய விதி, தக்சினின் பழைய சேனலை வைத்தே, தக்சினின் ஆளும் இல்லாத, தக்சினை எதிர்த்து வளர்ந்தவரும் இல்லாத ஒரு மூன்றாம் மனிதரைத் தடுத்தது.

சரி, காகிதத்தில் இல்லாத உரிமைக்கு வருவோம். தாய்லாந்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பழைய வானொலி அலைவரிசைகள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய இருநூறு படைகளின் கையில். சேனல் 5 நேரடியாகத் தரைப்படையுடையது. சேனல் 7 தனியார் நடத்தினாலும் பல பத்தாண்டுகள் தரைப்படை தந்த சலுகை ஒப்பந்தத்தில்தான் ஓடியது. 1976 அக்டோபர் 6 அன்று தம்மசாட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டதற்கு முன், கூட்டத்தைத் தூண்டிவிட்டது தரைப்படையின் கவசப் பிரிவு வானொலி. அலைவரிசை மக்கள் சொத்து, தனி அமைப்பு பிரித்துத் தர வேண்டும் என்று 1997 அரசமைப்பின் 40-ஆம் பிரிவு சொன்னது. அந்த அமைப்பு, அதாவது ஒலிபரப்பு தொலைத்தொடர்பு ஆணையம், முறையாக அமைந்தது 2011-இல். பதினான்கு ஆண்டுத் தாமதத்தால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

2013 டிசம்பரில் 24 டிஜிட்டல் சேனல்களுக்கு ஏலம் நடந்து 5,086 கோடி பாட் வந்தது. அடுத்த ஏப்ரலில் ஒளிபரப்பு தொடங்கியது, மே 22-இல் இராணுவப் புரட்சி. சேனல்கள் இருட்டாகி இராணுவப் பாடல் ஓடியது. விமர்சனத்தைக் கட்டுப்படுத்தும் 97, 103-ஆம் எண் ஆணைகள் வந்தன. தவணை கட்ட முடியாமல் முதலில் இரண்டு சேனல்கள் போயின. 2019-இல் இராணுவ ஆட்சியே நஷ்டஈடு கொடுத்து உரிமத்தைத் திருப்பித் தரலாம் என்றதும் ஏழு சேனல்கள் வெளியேறின. மிஞ்சியவை 15. கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் ஒளிபரப்பை நிறுத்தும் அதிகாரமும் ஒரே மேசையில் இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்காது. இதோடு அரச குடும்பத்தை அவமதித்தல் என்ற குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டுச் சிறை. யார் வேண்டுமானாலும் யார்மீதும் புகார் கொடுக்கலாம் என்பதுதான் இதன் கூர்மை.

இந்தச் சூழலில் விளம்பரமும் அலைவரிசையும் இல்லாத சிறிய இணைய ஊடகங்கள் வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் போவது இயல்பு. 2004-இல் தொடங்கிய பிரச்சாத்தாய் செய்தித்தளமும், 2009-இல் தொடங்கிய ஐலா சட்ட உரிமைக் குழுவும் அமெரிக்காவின் ஜனநாயகத்துக்கான தேசிய அறநிதி, ஓப்பன் சொசைட்டி போன்றவற்றின் உதவியைப் பெற்றவை; அதை மறைக்கவும் இல்லை. 2020-இல் மாணவர் போராட்டம் வெடித்தபோது, அரசமைப்பைத் திருத்த ஐலா ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டியது. மனுவின் உள்ளடக்கத்தைவிட நன்கொடைப் பட்டியல்தான் நாடாளுமன்றத்தில் அதிகம் அடிபட்டது. போராட்டங்களுக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்கத் தூதரகமே அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2021-இலும் 2022-இலும் அமைச்சரவை ஏற்ற லாப நோக்கற்ற அமைப்புகள் மசோதா, வெளிநாட்டு நிதியின் மூலம், வங்கிக் கணக்கு, தொகை, நோக்கம் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டது, எதிர்ப்பில் முடங்கியது.

வெளிநாட்டு நிதி வாங்குவதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆபத்து வேறு மாதிரி. 2025 தொடக்கத்தில் வாஷிங்டன் அயல்நாட்டு உதவியை முடக்கியபோது, ஒரு கையெழுத்தில் பல அமைப்புகளின் சம்பளப் பணம் நின்றது. அமெரிக்க அரசு நிதியில் இயங்கிய ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் துணைத்தளமாகத் தாய் மொழியிலும் வெளிவந்து, தாய்லாந்தின் தென்மாவட்டக் கிளர்ச்சியைத் தொடர்ந்து பதிவு செய்துவந்த பெனார்நியூஸ் அந்த ஏப்ரலில் நின்றுபோனது. கொடுப்பவர் என்ன எழுதச் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தார்கள். அவர் போய்விட்டால் என்ன என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

சீனாவின் வழி முற்றிலும் வேறு. 1962 முதல் யுன்னானிலிருந்து ‘தாய் மக்களின் குரல்’ என்ற கம்யூனிஸ்ட் வானொலி தாய்லாந்தை நோக்கி ஒலிபரப்பியது. வியட்நாமுக்கு எதிராக பாங்காக்கின் நட்பு தேவைப்பட்டதும் 1979 ஜூலையில் பெய்ஜிங் அதை மூடவைத்தது. இன்று வானொலி வேண்டாம். சின்ஹுவா செய்தி நிறுவனம் தாய் மொழியிலேயே செய்தி எழுதி இலவசமாகத் தருகிறது. 2019 வாக்கில் மாத்திச்சோன் குழுமத்தின் கோசோட், சனூக், மேனேஜர் உட்பட பத்துக்கும் மேற்பட்ட தாய் ஊடகங்கள் அதை எடுத்துப் போடத் தொடங்கியிருந்தன. சனூக் தளமே சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துடையது.

செய்தி மேசையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆசிரியரிடம் வெளிநாட்டுச் செய்திக்கு இரண்டு பேர். மேற்கத்திய நிறுவனச் செய்திக்குச் சந்தா கட்ட வேண்டும், ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கவும் வேண்டும். சின்ஹுவா செய்தி தாய் மொழியில், படத்தோடு, காசில்லாமல் வருகிறது. கீழே பெயர் போட்டுவிட்டால் ஒழுக்க விதியும் மீறப்படவில்லை. 2020 ஜனவரியில் வூஹான் பற்றிப் பல தாய் வாசகர்கள் படித்தது இப்படி வந்த செய்தியைத்தான். இதில் மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை, பங்கு மாற்றமும் இல்லை. செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சித் தொழில்களை வெளிநாட்டவருக்கு மூடிவைத்திருக்கும் 1999 வெளிநாட்டவர் தொழில் சட்டம், சின்ஹுவாவைத் தொடவே முடியாது. அது எதையும் வாங்கவில்லையே.

ஆனாலும் வாசகர்களை இது முழுதாக வசப்படுத்திவிடவில்லை. 2020 ஏப்ரலில் ஒரு தாய் நடிகர் ஹாங்காங்கை நாடு என்று குறித்த பதிவைப் பகிர, சீனத் தேசியவாதிகள் பாய்ந்தார்கள். தாய் இளைஞர்கள் தங்கள் அரசையே கேலி செய்து பதிலடி கொடுக்க, தாய்லாந்து, ஹாங்காங், தைவான் இணைய இளைஞர்களின் ‘பால் தேநீர்க் கூட்டணி’ உருவானது. தாய் அரசைத் திட்டினால் தாய் இளைஞர்களுக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்ததுதான் அங்கே தப்புக் கணக்கு. 2025-இல் நடந்தது அவ்வளவு சிரிப்புக்குரியதல்ல: பாங்காக் கலை பண்பாட்டு மையத்தில் திபெத், உய்குர், ஹாங்காங் கலைஞர்களின் பெயர்களும் படைப்புகளும், சீனத் தூதரகத்தின் அழுத்தத்துக்குப் பின் மறைக்கப்பட்டன.

வெளிநாட்டு ஊடகத்துக்கும் பாங்காக்கில் தனிப் பாதுகாப்பு கிடையாது. 2015 டிசம்பர் 1 அன்று இன்டர்நேஷனல் நியூயார்க் டைம்ஸ் தாய்லாந்துப் பதிப்பின் முதல் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டம். தாய்லாந்துப் பொருளாதாரத் தேக்கம் பற்றிய கட்டுரையை உள்ளூர் அச்சகமே எடுத்துவிட்டது. அரசு ஆணை எதுவும் வரவில்லை. 2013-இல் புக்கெட்வான் என்ற சிறிய இணையதளம் ரோஹிங்கியா கடத்தல் பற்றிய ராய்ட்டர்ஸ் செய்தியிலிருந்து 41 சொற்களை மறுபிரசுரம் செய்தது. கடற்படையின் புகாரில் வழக்கு நடந்தது, எழுதிய ராய்ட்டர்ஸ் மீதல்ல, எடுத்துப்போட்ட தளத்தின் செய்தியாளர் இருவர் மீது. 2015 செப்டம்பரில் விடுதலையானார்கள். 2016 டிசம்பரில் பிபிசி தாய் சேவையின் புதிய மன்னர் பற்றிய கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். சிறைக்குப் போனது மாணவச் செயற்பாட்டாளர் ஜாதுபாட் பூன்பத்தாரரக்சா, இரண்டரை ஆண்டு. வெளிநாட்டு நிறுவனத்தின் மீதான கோபம் உள்ளூர் ஆள் தலையில் இறங்குவது இங்கே வழக்கம்.

சமூக ஊடகத்தில் எது உள்நாடு, எது வெளிநாடு என்றே பிரிக்க முடியாது. 2020 ஆகஸ்டில் ஃபேஸ்புக், பத்து லட்சம் பேருக்கு மேல் இருந்த முடியாட்சி விவாதக் குழுவைத் தாய்லாந்துக்குள் முடக்கியது. அரசு கட்டாயப்படுத்தியது என்றும், அதைச் சட்டப்படி எதிர்ப்போம் என்றும் ஃபேஸ்புக் சொன்னது. அதே அக்டோபரில் ட்விட்டர் தாய் தரைப்படையோடு தொடர்புடைய 926 கணக்குகளை நீக்கியது. தாய்லாந்துக் குடிமக்களின் கருத்தைத் திரிக்க மறைமுகக் கணக்கு நடத்தியதாக இந்த நிறுவனங்கள் பிடித்துக் காட்டியது உள்நாட்டுப் படையைத்தான்.

கடைசியில் ஓர் அரசைக் கவிழ்த்த வெளிநாட்டுத் தலையீடு வந்தது யாரும் காவல் வைக்காத வாசலில். 2025 ஜூன் 15 அன்று, எல்லைத் தகராறு சூடாக இருந்தபோது, தக்சினின் மகளான பிரதமர் பேதொங்தான் ஷினவத்ரா, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னுடன் தொலைபேசியில் பேசினார். ‘மாமா’ என்று அழைத்தார். எல்லைப் பகுதியில் இருந்த தன் நாட்டு இராணுவத் தளபதியையே எதிர்த்தரப்புக்காரர் என்றார். மூன்று நாளில் ஒரு துண்டு கசிந்தது, பிறகு ஹுன் சென் தன் ஃபேஸ்புக் பக்கத்திலேயே 17 நிமிடப் பதிவை முழுதாகப் போட்டார். பதிவை ஏறக்குறைய 80 பேருக்கு அனுப்பியதாகவும் சொன்னார். அன்றிரவே பும்ஜாய்தாய் கட்சி கூட்டணியை விட்டது; ஜூலை 1-இல் பேதொங்தான் இடைநிறுத்தம், ஆகஸ்ட் 29-இல் 6-க்கு 3 என்ற கணக்கில் பதவி பறிப்பு. தாய் ஊடகங்கள் வெளியிடாமல் இருந்திருக்க முடியாது, அது உண்மையான பதிவு. ஆனால் எப்போது, எந்தத் துண்டு, எந்த வரிசையில் என்பதை முடிவு செய்தது புனோம் பென். பதிவை யார், ஏன் இப்போது தருகிறார் என்ற கேள்வி முதல் இரண்டு நாள் தலைப்புகளில் பின்னுக்குப் போனது. அங்கேதான் செய்தி மேசைகள் சறுக்கின.

இப்போதுள்ள டிஜிட்டல் உரிமங்கள் 2029 ஏப்ரலில் முடிகின்றன. அதற்குப் பின் என்ன என்பதை வகுக்கப்போவது ஏழு பேர் கொண்ட அந்த ஒலிபரப்பு தொலைத்தொடர்பு ஆணையம். உறுப்பினர்களை ஏற்பது செனட். இன்னொரு நெருக்கடியும் அதற்கு உண்டு. 2023-இல் ட்ரூ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணையச் செயலியில் தொலைக்காட்சி ஒளிபரப்புகளுக்குள் கூடுதல் விளம்பரம் நுழைக்கப்படுவதாகப் புகார் வந்தது. ஆணையம் சேனல்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதற்காக அந்தக் குழுமத்தின் ட்ரூ டிஜிட்டல் வழக்குத் தொடுத்தது. ஆணைய உறுப்பினர் பிரொங்ரோங் ராமசூத்துக்கு 2025 பிப்ரவரி 6 அன்று இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிணையில் வெளியே வந்து மேல்முறையீடு செய்தார். 2029 பேச்சுவார்த்தையில் கவனிக்க வேண்டியவை உரிமக் கட்டணத்தின் அளவு, இணையச் செயலிகளுக்கும் சேனல்களுக்கும் ஒரே விதியா என்பது, தரைப்படையின் சேனல் 5-உம் வானொலிகளும் ஏலத்துக்கு வருமா என்பது. முதல் இரண்டையும் பற்றித் தொழில்துறை இப்போதே பேசுகிறது. மூன்றாவதை மேசையில் வைக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை.